பார்வை சரியில்லை எண்டு எழுதின வரி

உங்கட கடிதம் கிடைச்சுது. பட்டறையில புதுசாச் சேந்த நாலு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறியள்: ரைபிளில குறிபாக்கிற ஸ்கோப் பூட்டேக்க, சுடுறவற்ற கண்ணுக்கும் ஸ்கோப்பின்ர பின் கண்ணாடிக்கும் நடுவில எத்தினை அங்குலம் விடவேணும்? நல்ல கேள்விதான். ஆனா நாலு பேருக்கும் ஒரே நேரத்தில ஒரே சந்தேகம் வராது. ஒருத்தர் எழுதியிருக்கிறார், மற்ற மூண்டு பேரும் கையெழுத்து மட்டும் வச்சிருக்கிறியள் எண்டுதான் நான் நினைக்கிறன். கோவிக்காதேங்கோ. எனக்குப் புத்தி இப்பிடித்தான் போகும்.

நான் ஆரையும் லேசில நம்பிறவன் இல்லை. அதால நட்டப்பட்டதும் இல்லை எண்டு கனகாலம் பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். ஒருக்கா உப்புவெளியில இருந்து ஒரு பெரிய மனிசர் தன்ர துவக்கைக் கொண்டு வந்து மேசையில வச்சு, "ஒண்டுமில்லைத் தம்பி, வெறுந் துவக்கு" எண்டார். நான் அவற்ற முகத்தைப் பாத்தன். பிறகு துவக்கின்ர வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பித் திறந்து பாத்தன். தோட்டா உள்ளுக்குக் கிடந்தது. மனிசர் அப்பிடியே கதிரையில இருந்திட்டார். ரெண்டு மாசமா அதை வீட்டில அலுமாரிக்குப் பக்கத்தில சாத்தி வச்சிருந்தவராம். அந்த வீட்டில ஆறு பிள்ளையள். அண்டையில இருந்து என்ர சந்தேகத்துக்கு நானே கும்பிடு போடத் தொடங்கிட்டன்.

அந்தக் கும்பிடு ஒரு மனிசனை எங்க கொண்டு போய் விட்டதெண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போறன். அங்குலக் கணக்கு புத்தகத்தில கிடக்கு, நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் தளத்தை விட்டுப் போய் ஒண்டு ரெண்டு வருசம் இருக்கும். போகேக்க அவையின்ர தட்டுமுட்டுச் சாமான் கொஞ்சம் ஏலத்தில போனது. கொஞ்சம் ஏலத்துக்கு வராமலே போனதெண்டும் கதை. ஆரும் ஒரு நல்ல சாமானோட பட்டறைக்கு வந்தா, "இது வேலிக்கு மேலால வந்ததோ, வாசலால வந்ததோ" எண்டுதான் நான் முதல் யோசிப்பன். அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. முதலாளி துறைமுகத்தில கருவி திருத்திப் பழகின மனிசர். ஒரு நாளைக்குப் பத்து வசனம் கதைச்சா அது கூட.

அண்டைக்கு முதலாளி ஒரு வேலையாச் சீனன்குடாவுக்குப் போயிருந்தார். நான் தனிய. மூதூரில இருந்து ஆக்களை ஏத்திற லோஞ்சிப் படகு வந்து கொஞ்ச நேரத்தில ஒரு மனிசர் சாக்கில சுத்தின ரைபிளோட வாசலில வந்து நிண்டார். ஐம்பத்தைஞ்சு வயசு மதிக்கலாம். தொப்பி, கண்ணாடி, வெள்ளைச் சாரம். பேர் மீராசா. மூதூர்ப் பக்கம் ஒரு வயற்கண்டத்துக்கு வட்டவிதானை; அதாவது அந்தக் கண்டத்தில ஆர் எப்ப தண்ணி கட்டிறது, ஆர் எந்த வேலி அடைக்கிறது எண்டு பாக்கிற பொறுப்பு அவருக்கு. ஒரு தனியன் யானை வயலுக்க இறங்கத் தொடங்கியிருந்தது. காவற்காரன் ஒருத்தனை ஏற்கெனவே மிதிச்சுச் சாகடிச்சுப்போட்டுது. அதைச் சுடுறதுக்குக் கச்சேரியில, அதாவது அரசாங்க அலுவலகத்தில, அவருக்குத்தான் அனுமதி குடுத்திருந்தவை.

"ரைபிளின்ர முன்குறி இப்ப எனக்கு மங்குது தம்பி. வயசு போகுது. இதைப் பூட்டித் தாங்க" எண்டு மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

அவிழ்த்துப் பாத்தா, அருமையான ஸ்கோப் ஒண்டு. கண்ணாடியில ஒரு கீறல் இல்லை. எனக்கு உடன பொறி தட்டிச்சுது.

"எங்க எடுத்தனீங்கள் காக்கா?" எண்டு கேட்டன். முஸ்லிம் பெரியாக்களை நாங்கள் அண்ணன் முறையில காக்கா எண்டுதான் கூப்பிடுறது.

"ஏலத்தில."

"எந்த ஏலத்தில?"

அவர் ஒரு சீட்டை நீட்டினார். நீட்டேக்க நேர பாக்கேல்ல. முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது கடைக்கண்ணால என்னைப் பாத்தார். நான் மேசையின்ர இந்தப் பக்கம் வந்தா முகம் இன்னும் கொஞ்சம் திரும்பும். அந்தப் பக்கம் போனா ஆளே முழுசாத் திரும்புவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு நான் மனசுக்க சொல்லிக்கொண்டன்.

பிறகென்ன, நான் விசாரணையைத் தொடங்கிட்டன். சீட்டில இருந்த இலக்கத்தையும் ஸ்கோப்பில வெட்டியிருந்த இலக்கத்தையும் பூதக்கண்ணாடி வச்சு ஒவ்வொண்டாப் பாத்தன். முத்திரையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன். ஆர் கூட வந்தது, ஏலம் கூறினது ஆர், வேற என்னென்ன எடுத்தனீங்கள், எல்லாம் கேட்டன். அவர் எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னார். குரல் சின்னனாகிக் கொண்டே போச்சுது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இது நடந்தது. சீட்டில ஒரு பிழையும் இல்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டிச்சுது.

அந்த ஒரு மணித்தியாலத்தில நான் பாக்காம விட்டது என்ன தெரியுமோ? அந்த ஸ்கோப் சின்ன ரைபிளுக்கெண்டு செய்தது. ரெண்டு விரல் இடைவெளியில கண்ணை வச்சாத்தான் அதுக்குள்ளால முழுசாத் தெரியும். சின்ன ரைபிள் உதைக்காது, ரெண்டு விரல் காணும். மீராசா காக்கா கொண்டு வந்ததோ யானைக்குச் சுடுற ரைபிள். தோளைக் கழட்டிற மாதிரி உதைக்கும். அதுக்கு நாலு விரலாவது வேணும். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. எந்த நாளும் செய்யிற வேலை. ஆனா என்ர மூளை முழுக்க முத்திரையில கிடந்தது.

கடைசியாப் பூட்டத் தொடங்கி, ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தை அரைவாசி இறுக்கிப்போட்டு, ரைபிளை அவற்ற கையில குடுத்தன். "பாருங்கோ காக்கா, வடிவாத் தெரியுதோ?"

அவர் நிண்டபடி தோளில வச்சார். உடம்பு விறைச்சுப் போய் நிண்டது. பொலிசில நிக்கிற ஆள் மாதிரி. கொஞ்ச நேரம் பாத்திட்டு மெல்லச் சொன்னார்:

"பிறை தெரியுது தம்பி."

நோன்பு காலம். பெருநாளுக்கு நாலைஞ்சு நாள் கிடந்தது. டவுன் முழுக்க அதே கதைதான், எண்டைக்குப் பிறை, எண்டைக்குப் பெருநாள் எண்டு. ஆள் கதையை வேற பக்கம் திருப்பப் பாக்கிறார் எண்டு நான் நினைச்சன்.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்குதே காக்கா, பட்டப்பகலில எங்க பிறை?" எண்டு சிரிச்சன். நல்ல சிரிப்பில்லை அது.

அவற்ற முகம் சுருங்கிப் போச்சுது. நோன்போட நிக்கிற மனிசன், நான் பகிடி பண்ணிறன் எண்டு நினைச்சிருப்பார். துவக்கை வாங்கி நான் பாத்தன். என்ர கழுத்துக்கும் என்ர கண்ணுக்கும் வட்டமா, முழுசா, நல்லாத் தெரிஞ்சுது.

"எனக்கு நல்லாத் தெரியுது. உங்களுக்குச் சரிதானே?"

"ஓம் தம்பி. சரி."

அந்த ஓமை நான் நம்பினன். ஆரையும் நம்பாதவன் அதை மட்டும் நம்பினன். வளையத்தை இறுக்கினன். ஆரும் பிறகு கழட்டிப்போட்டு என்ர தலையில பழி போடக்கூடாதெண்டு, வளையத்துக்கும் அடித்தகட்டுக்கும் குறுக்கால சிவப்பு மையால மெல்லிய கோடு ஒண்டு போட்டன். வளையம் ஒரு மயிரளவு அசைஞ்சாலும் கோடு முறிஞ்சு காட்டிக் குடுத்திடும். அது என்ர சொந்தக் கண்டுபிடிப்பு. அவர் போன பிறகு வேலைக் கொப்பியை எடுத்து அவற்ற பேருக்கு நேர, குறிப்பு எண்ட இடத்தில எழுதினன்: "ஆளின்ர பார்வை சரியில்லை." ஆள் கள்ளப் பார்வை பாக்கிறார் எண்டு முதலாளி வந்தாத் தெரியட்டும் எண்டுதான்.

பெருநாள் முடிஞ்சு ஒரு கிழமை இருக்கும். அதே லோஞ்சி, அதே சாக்கு, அதே மனிசர். நெத்தியில பெரிய கட்டு. கையில ஒரு தூக்குச் சட்டி.

என்ர புத்தி வழமையான பக்கம்தான் போச்சுது. ஆள் ஸ்கோப்பைக் கழட்டி வேற மாதிரிப் பூட்டிப்போட்டு இப்ப நியாயம் கேக்க வந்திருக்கிறார். இல்லாட்டி ஆரோடையோ சண்டை பிடிச்சு வந்த காயத்தை என்ர தலையில கட்டப் பாக்கிறார். அப்ப ஏன் தூக்குச் சட்டி? "பெருநாள் வட்டிலப்பம் தம்பி, வீட்டில செஞ்சது" எண்டு மேசையில வச்சார். எனக்கு அதுவும் சந்தேகம்.

முதலாளி உள்ளுக்க இருந்து வந்து கதிரையை இழுத்து அவரை இருக்கச் சொன்னார். நான் ஒண்டும் கதைக்காம ரைபிளை வாங்கி, யன்னலடிக்குக் கொண்டு போய், நேர என்ர சிவப்புக் கோட்டைப் பாத்தன்.

கோடு முறியேல்ல. போட்ட மாதிரியே கிடந்தது.

பிள்ளையள், கள்ளனைப் பிடிக்கப் பொறி வச்சு அதில தன்ர காலே மாட்டினா எப்பிடி இருக்கும்? வேற ஆரும் தொடேல்ல. நான் பூட்டினதுதான் அவரை அடிச்சிருக்கு.

"என்ன நடந்தது?" எண்டு முதலாளி அவரைக் கேட்டார்.

அவர் சொன்னார். சுபஹுத் தொழுகை முடிஞ்சு வெளிச்சம் வாற நேரம். காவற்பரணில குந்தியிருந்தவர். யானை வயலால ஏறிக் காட்டுப் பக்கம் திரும்பிச்சுது. ரைபிளை வச்சுப் பாத்தா ஸ்கோப்புக்குள்ள ஒரு பக்கம் கறுப்பாப் பிறை மாதிரி மறைச்சுது. பட்டறையில தெரிஞ்ச அதே பிறை. அது போகுமட்டும் தலையை முன்னுக்கு முன்னுக்குக் கொண்டு போனார். போச்சுது. சுட்டார்.

"கோடாலிப் புறத்தால அடிச்ச மாதிரி இருந்திச்சு. நான் யானைதான் அடிச்சிட்டெண்டு நினைச்சன். பிறகு ரத்தம். கண்ணுக்குள்ள முழுக்க ரத்தம். யானைக்குப் பட்டுதா, போச்சுதா, பரணுக்குக் கீழ நிக்குதா, ஒண்டும் தெரியா. நெல்லு முறியிற சத்தம் மட்டும் கேட்டுது. துவக்கைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தன். வெயில் ஏறி ஆக்கள் வந்துதான் இறக்கினாங்க."

எனக்கு ஒரு இடத்தில இடிச்சுது. "வலது கண்தானே காக்கா ரத்தம்? மற்றக் கண்ணால பாத்திருக்கலாமே?"

மனிசர் தலையைக் குனிஞ்சு சாக்கைச் சுருட்டிக்கொண்டு இருந்தார். முதலாளி என்னைப் பாத்தார், பிறகு அவரைப் பாத்தார்.

"அந்தப் பக்கம் எனக்கு ஒண்டுமில்லை" எண்டார் கடைசியா. "பிறந்ததில இருந்தே. வெளியால பாத்தா ஆருக்கும் தெரியாது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும்."

அப்ப அந்தத் திரும்பின முகம். அந்தக் கடைக்கண் பார்வை. என்னை நல்லாப் பாக்கத்தான் மனிசன் திரும்பியிருக்கிறார். இருக்கிற ஒரே கண்ணை நம்பி என்னட்டத் தந்திருக்கிறார், நான் அந்தக் கண்ணுக்கு முன்னால ஸ்கோப்பின்ர இரும்பு விளிம்பைக் கொண்டு போய் வச்சிருக்கிறன். அரை அங்குலம் கீழ பட்டிருந்தா அந்த மனிசன் சாகுமட்டும் இருட்டில.

"இதை ஏன் முதலே சொல்லேல்ல?" எண்டு கேட்டன். கேக்க எனக்கு என்ன தகுதி?

"நீங்க அண்டைக்கு எல்லாத்தையும் கேட்டு எழுதினீங்க. இதையும் எழுதிக் கச்சேரிக்கு அனுப்பினா அனுமதியை எடுத்திடுவாங்க. அந்த யானைக்கு வேற ஆர் நிக்கிற? காவற்காரன்ட பொஞ்சாதி ஒவ்வொரு நாளும் என்ட வாசலால போறா." கொஞ்சம் நிப்பாட்டிச் சொன்னார், "பிறை தெரியுதெண்டு சொன்னன்தானே தம்பி. இப்ப எல்லாருக்கும் தெரியிற இடத்தில இருக்கு." நெத்தியில இருந்த கட்டை மெல்ல உயத்திக் காட்டினார். புருவத்துக்கு மேல வளைஞ்ச காயம், தையலோட. அச்சொட்டாப் பிறைதான்.

"சுடுறதுக்கு ஒரு கண் காணும்" எண்டார் முதலாளி. "ரெண்டு வேணுமெண்டு கச்சேரியில ஆரும் கேக்கிறேல்ல."

அவ்வளவுதான். அந்த மனிசன் ஒளிக்கத் தேவையே இல்லாத ஒண்டை ஒளிச்சிருக்கிறார். ஒளிக்க வச்சது நான்.

பிறகு முதலாளி மேசை லாச்சியில இருந்து வேற ஸ்கோப் ஒண்டை எடுத்து என்ர கையில தந்தார். கண்ணை நல்லாத் தள்ளி வச்சாலும் முழுசாத் தெரியிற வகை. "நீயே பூட்டு" எண்டார். ஏச்சு இல்லை. ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

மீராசா காக்காவை நிலத்தில இருத்தினன். பரணில எப்பிடிக் குந்துவீங்களோ அப்பிடியே குந்துங்கோ எண்டன். கண்ணை மூடச் சொன்னன். மூடினபடி ரைபிளைத் தோளில வச்சு, கன்னத்தைப் பின்பக்கப் பிடங்குக் கட்டையில சாச்சு, கழுத்து நோகாத இடத்தில நிக்கச் சொன்னன். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னன்.

"இப்ப பிறை எந்தப் பக்கம் காக்கா?"

"வலப்பக்கம். பெரிசு."

ஸ்கோப்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தன். திரும்பக் கண்ணை மூடு, தோளில வை, திற. ஒன்பதோ பத்துத் தரம் நடந்தது. அவர் தலையை முன்னுக்குக் கொண்டு வர வெளிக்கிட்டா நான் விடேல்ல. "நீங்கள் போகாதேங்கோ, அது வரட்டும்" எண்டன். கடைசியில புருவத்துக்கும் ஸ்கோப்பின்ர விளிம்புக்கும் நடுவில என்ர நாலு விரலையும் வச்சுப் பாத்தன், தாராளமாப் போச்சுது. ஒருக்கா வேணுமெண்டே முன்னுக்குக் குனியச் சொல்லியும் பாத்தன். அப்பவும் நெத்தியில முட்டேல்ல.

அவர் திரும்பவும் ஒருக்காக் கண்ணை மூடித் திறந்து பாத்தார்.

"தம்பி" எண்டார், "பதினாலாம் பிறை."

முழுநிலவுக்கு அவையள் சொல்லுற பேர் அது. இந்தமுறை எனக்கு விளங்கிச்சுது.

கதை இதோட முடிஞ்சிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பன். முதலாளி புது வேலையைப் பதிய எண்டு கொப்பியை எடுத்தார். ஒற்றையைப் பிரட்டினார். பழைய பதிவில அவற்ற விரல் நிண்டது. அதை ரெண்டு தரம் வாசிச்சார் எண்டு நினைக்கிறன்.

"சரியாத்தானே எழுதியிருக்கிறாய்" எண்டார் என்னைப் பாத்து. "பிறகு ஏன் அளக்கேல்ல?"

"என்ன எழுதியிருக்கு?" எண்டு மீராசா காக்கா கேட்டார். முதலாளி கொப்பியை என்ர பக்கம் தள்ளினார். "வாசிச்சுக் காட்டு."

வாசிச்சன். "ஆளின்ர பார்வை சரியில்லை."

அந்த மனிசன்ர முகம் மலந்ததை நான் என்னெண்டு சொல்ல. முகத்தை இடப்பக்கம் திருப்பி, அந்த ஒரு கண்ணால என்னை முழுசாப் பாத்தார். "அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டீங்களா? ஆரும் கண்டுபிடிச்சதில்லை தம்பி, என்ட பொஞ்சாதிக்குக் கூட நிக்காஹ் முடிஞ்சு ஒரு மாசம் போய்த்தான் தெரிஞ்சுது. கேட்டா நான் வெக்கப்படுவனெண்டுதானே சொல்லாம விட்டீங்க?"

முதலாளி பேனையை எடுத்துப் புது வேலையைப் பதியத் தொடங்கினார். வட்டிலப்பச் சட்டி மேசையில கிடந்தது.

"ஓம் காக்கா" எண்டன்.

அண்டைக்கு அவர் சொன்ன ஓம் மாதிரித்தான், இதுவும் ஒரு ஓம்.

அவர் மூதூருக்குப் போய்ச் சும்மா இருக்கேல்ல. திருகோணமலையில ஒரு தம்பி இருக்கிறார், வாசலில நிக்கேக்கையே ஆளின்ர கண்ணைப் படிச்சிடுவார் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். மூதூரில இருந்தும் கிண்ணியாவில இருந்தும் ஆக்கள் என்ர பேரைச் சொல்லிக்கொண்டு வரத் தொடங்கிட்டினம். வாறவை மேசைக்கு முன்னால நிண்டு, நான் என்ன சொல்லப்போறன் எண்டு முகத்தை நீட்டிக்கொண்டு பாப்பினம். நான் என்ன செய்ய? கடதாசியைத் தள்ளி வச்சிட்டு முதல் கண்ணைப் பாத்தன். எந்தக் கண்ணால பாக்கிறியள், கண்ணாடி போட்டோ கழட்டியோ சுடுவியள், குந்தியோ படுத்தோ, கழுத்து நோகுதோ எண்டு ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டன். பட்டறையை விட்டு வெளிக்கிடுமட்டும் இருபது வருசத்துக்கு மேல கேட்டன். எல்லாம் அந்த ஒரு பொய்யைக் காப்பாத்தத்தான்.